டயனோரா டிவிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்: "பெட்டி 0 ரூபாய்"னு போட்ட என் பட்ஜெட் கணக்கு

"கேபினெட் – 0 ரூபாய்."

2024 பிப்ரவரியில நான் எக்ஸெல்ல போட்ட பட்ஜெட்ல இருந்த வரி இது. அடுத்தவங்க பேலன்ஸ் ஷீட்ல தப்பு கண்டுபிடிச்சு சம்பாதிக்கிறவன் நான். இந்த ஒரு வரியை மட்டும் கேள்வி கேட்காம விட்டுட்டேன். அந்தப் பூஜ்ஜியம் கடைசியில 26,200 ரூபாய் ஆச்சு. நடுவுல என் மனைவியோட வளையல் அஞ்சு மாசம் அடகுல இருந்துச்சு. எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி நம்ம சேனல்ல நானே வீடியோ போட்டிருக்கேன்ங்கிறதையும் இங்கேயே சொல்லிடறேன், நீங்க சிரிக்கிறதா இருந்தா இப்பவே சிரிச்சுக்கலாம்.

கதை இதுதான். செஞ்சியில எங்க வீட்டுல ஒரு பழைய டயனோரா கருப்பு வெள்ளை டிவி இருந்துச்சு. ரெண்டு பக்கமும் இழுத்து மூடுற மர ஷட்டர், கீழே நாலு கால். எண்பதுகள்ல அப்பா தவணையில வாங்கினது. தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை ராமாயணம் ஓடின காலத்துல தெருவே எங்க திண்ணையில உட்கார்ந்ததா அம்மா இன்னும் சொல்வாங்க. டிவி ஓடி இருபத்தஞ்சு வருஷம் இருக்கும். பெட்டி மட்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. வீடியோ எடிட்டிங்குக்கும் ஆபீஸ் வேலைக்கும் எனக்கு நல்ல டெஸ்க்டாப் ஒண்ணு தேவை. அதை இந்தப் பெட்டிக்குள்ள வச்சா என்னன்னு ஒரு ராத்திரி தோணுச்சு. அவ்ளோதான், விழுந்தேன்.

பாகங்கள் எல்லாம் சேர்த்து 82,000 ரூபாய். ரைசன் 5 7600 பிராசசர் 19,000, மதர்போர்டு 14,000, 32 ஜிபி ரேம் 9,500, ஒரு டெராபைட் எஸ்எஸ்டி 6,000, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு 25,000, எஸ்எம்பிஎஸ் 6,000, சிபியு கூலர் 2,500. பாதி ஆன்லைன், பாதி சென்னை ரிச்சி தெரு. இங்கேயிருந்து திண்டிவனம் வழியா பஸ் ஏறினா இப்போ கிளாம்பாக்கத்துல இறக்கிவிடறாங்க. அங்கிருந்து மவுண்ட் ரோடு போய்ச் சேர்றதுக்குள்ள பேரம் பேசுற தெம்பே போயிடுது.

இந்த 82,000-ல 40,000 என் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து எடுத்தது. "மூணு மாசத்துல திருப்பிப் போட்டுடலாம்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஏப்ரல் 2024-க்குள்ள எல்லாப் பாகமும் வீட்டுக்கு வந்துடுச்சு. பெட்டி மட்டும் ரெடியாகல.

முடியாத வேலைக்கு ஒரு பேர் இருக்கு

கம்பெனி கணக்குல "கேபிட்டல் ஒர்க் இன் புராகிரஸ்"னு ஒரு வரி பார்த்திருப்பீங்க. பாதி கட்டின ஃபேக்டரி, பூட்டாத மெஷின் எல்லாம் அதுல உட்கார்ந்திருக்கும். பணம் போயிருக்கும், ஆனா வருமானம் வராது. பயன்பாட்டுக்கு வராத சொத்துக்கு வருமான வரியில தேய்மானமும் கிடையாது. ஒரு கம்பெனியில இந்த வரி வருஷா வருஷம் அசையாம இருந்தா நாங்க ஆடிட்டர்கள் முதல்ல அங்கதான் கை வைப்போம்.

என் வீட்டுப் பரண்ல அட்டைப்பெட்டியில 82,000 ரூபாய் அதே வரியில உட்கார்ந்திருந்துச்சு. எவ்ளோ நாள் தெரியுமா? ஏப்ரல் 2024-ல இருந்து ஜூன் 2025 வரைக்கும், 14 மாசம்.

ஒரு இடத்துல கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசசருக்கும் மூணு வருஷ வாரண்டி. அந்தக் கடிகாரம் பில் தேதியில இருந்து ஓடும், நீங்க சீல் உடைக்கிற தேதியில இருந்து இல்ல. 36 மாசத்துல 14 மாசம் பரண்லயே தீர்ந்துபோச்சு. ஜூன் 2025-ல அதே பாகங்களோட விலையை உட்கார்ந்து பார்த்தேன், 69,000. அதாவது 13,000 ரூபாய், நான் ஒரு ஸ்க்ரூ கூட முடுக்காம, ஆவியாயிடுச்சு. அந்தப் பணத்தை 7 சதவீத வட்டியில டெபாசிட் போட்டிருந்தா சுமார் 6,700 வந்திருக்கும். இது கற்பனை நஷ்டம்தான், கணக்குப் புத்தகத்துல எழுத முடியாது. மனசுல எழுதிக்கலாம்.

கேஸ் மாடிங் பண்றவங்க எல்லாருக்கும் நான் சொல்ற ஒரே ஒரு வரிசை: முதல்ல பெட்டி, கடைசியில பாகம். அளவு பார்க்கணும்னா அட்டையில வெட்டிப் பாருங்க. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம், 140 மில்லிமீட்டர் ஃபேன்னா 140 மில்லிமீட்டர். இதுக்கெல்லாம் 82,000 ரூபாய் சாமானை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்ல.

ஃபெஞ்சல்

பிக்சர் டியூபை நான் கழட்டல. டிவி மெக்கானிக் ஒருத்தரைக் கூப்பிட்டுத்தான் கழட்டினேன். பழைய டியூப்ல உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், கழுத்துல அடிபட்டா உள்பக்கமா வெடிக்கும். யூடியூப் பார்த்து செய்யற வேலை இல்ல அது. அப்பா அன்னைக்கு பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தார். வேண்டாம்னும் சொல்லல, செய்னும் சொல்லல.

அப்புறம் ஜூலை வந்துச்சு, ரிட்டர்ன் சீசன். செப்டம்பர், அக்டோபர்ல ஆடிட். முன்பக்கம் டியூப் இருந்த ஓட்டையில கண்ணாடி மாதிரி அக்ரிலிக் வைக்கலாம்னு 1,200 ரூபாய்க்கு ஒரு ஷீட் வாங்கினேன். ட்ரில் போடும்போது மூலையில விரிசல். கோபத்துல ரெண்டு மாசம் அந்தப் பக்கமே போகல.

நவம்பர் 30, 2024. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை கடந்த ராத்திரி. விழுப்புரம் மாவட்டத்துல இருக்கிறவங்களுக்கு அந்த மழையைப் பத்தி நான் சொல்லத் தேவையில்ல. இங்கேயிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற மயிலத்துல மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல பதிவாச்சு. எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. கரண்ட் இல்ல. நான் பரண்ல ஏறி கிராபிக்ஸ் கார்டு நனையுதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். கீழே எழுபது வயசு அப்பா தனியா அந்த டிவிப் பெட்டியைத் தூக்கிக் கட்டில் மேல வைக்கப் பார்க்கிறார். "அதை விடுங்கப்பா, காலி பெட்டிதானே"ன்னேன். "காலியாக்கினது யாரு?"ன்னார். அவ்ளோதான் பேசினார்.

விடிஞ்சு பார்த்தா பின்பக்கக் காம்பவுண்டு சுவர் விழுந்திருக்கு. சமையலறை கூரையில ஓட்டை. எல்லாத்துக்கும் சேர்த்து உடனே தேவைப்பட்ட பணத்துல சரியா 40,000 குறைஞ்சது. எந்த 40,000-ன்னு உங்களுக்குத் தெரியும்.

மனைவி ஒண்ணும் பேசாம வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. "ஏங்க, அந்தக் கார்டு இன்னும் மூடியே திறக்கலைல்ல, அதை வித்துடலாமே?"ன்னு மட்டும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. நகைக்கடன் 9 சதவீத வட்டி, அஞ்சு மாசம், 1,500 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனா எமர்ஜென்சி ஃபண்டுக்கு "மூணு மாசத்துல திருப்பிப் போடறேன்"னு யாராவது சொன்னா, இனிமே நான் அவங்க முகத்தைப் பார்த்து என்ன சொல்லுவேன்?

விக்கிறதா, முடிக்கிறதா

அந்தக் கேள்விக்கு டிசம்பர்ல உட்கார்ந்து ஒழுங்கா கணக்குப் போட்டேன். இதுவரைக்கும் எவ்ளோ செலவாச்சுங்கிறது இந்தக் கணக்குலயே வரக் கூடாது. போனது போனதுதான். கேட்க வேண்டியது மூணே கேள்வி. இன்னைக்கு வித்தா என்ன கிடைக்கும்? முடிக்க இன்னும் என்ன ஆகும்? இதே திறன் உள்ள மெஷினை இன்னைக்குப் புதுசா வாங்கினா என்ன விலை?

சீல் உடைக்காத பாகங்களுக்கு பில்லோட சேர்த்து 55,000 வரைக்கும் கேட்டாங்க. புதுசா வாங்கினா, 5,000 ரூபாய்க்கு ஒரு நல்ல காற்றோட்டமான கேபினெட்டும் சேர்த்து, 75,000 ஆகும். முடிக்க இன்னும் 10,000 போதும்னு கணிச்சேன். 55,000-ஐ விட்டுக்கொடுத்து 10,000 போட்டா 65,000. எனக்கு எப்படியும் ஒரு மெஷின் தேவை. அதனால முடிக்கிறதுதான் சரி. மெஷினே தேவையில்லாத ஆளா இருந்திருந்தா, வித்துட்டு வளையலை மறுநாளே மீட்கிறதுதான் சரி. நான் சென்டிமென்ட்டை இழுக்காம சொல்றேன்.

நிஜத்துல 10,000 இல்ல, 17,350 ஆச்சு. 55,000-ஓட சேர்த்தா 72,350. முடிவு சரிதான், ஆனா வெறும் 2,650 ரூபாய் வித்தியாசத்துல தப்பிச்சேன். கணிப்பு தப்பினதுக்கு முக்கியக் காரணம் எஸ்எம்பிஎஸ்.

ஒயர் நீளமா இருக்குன்னு வெட்டி சால்டர் பண்ணினேன். அந்த ஒரு வெட்டுல அஞ்சு வருஷ வாரண்டி காலி. பிப்ரவரியில டெஸ்ட் பண்ணும்போது ஜாயின்ட்ல பொறி பறந்து எஸ்எம்பிஎஸ் போச்சு. மதர்போர்டு தப்பிச்சது முழுக்க அதிர்ஷ்டம். இன்னொரு 6,000, இன்னொரு சென்னைப் பயணம். ஒயர் நீளம்னா மடிச்சுக் கட்டுங்க, வெட்டாதீங்க.

எப்படி முடிஞ்சது

14 மாசம் இழுத்ததுக்கு நேரமின்மை பாதிக் காரணம்தான். மீதி, "முடிஞ்சது"ன்னா என்னன்னு நான் எழுதி வைக்காதது. ஒரு வாரம் ஆர்ஜிபி லைட், அடுத்த வாரம் வாட்டர் கூலிங், அதுக்கடுத்து முன்னாடி சின்ன ஸ்கிரீன். ஏப்ரல் 2025-ல ஒரு பேப்பர்ல ஒரே வரி எழுதி ஒட்டினேன்: "ஷட்டரை மூடி வச்சு அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் ஓடணும், 85 டிகிரி தாண்டக் கூடாது." இதுக்கு உதவாத எல்லாத்தையும் அடிச்சேன். லைட் போச்சு, ஸ்கிரீன் போச்சு.

சூடுதான் இங்க உண்மையான எதிரி. மரம் சூட்டைக் கடத்தாது, உள்ளேயே வச்சிருக்கும். செஞ்சியில மே மாசம் பாறை மலைகளுக்கு நடுவுல எப்படி இருக்கும்னு கோட்டை ஏறினவங்களுக்குத் தெரியும். (கோட்டைக்குப் போனா கல்யாண மகால் மேல ஏறி நில்லுங்க. ஒவ்வொரு மாடியும் நாலு பக்கமும் திறந்த வளைவு. கேஸ் டிசைன் பண்ற பலருக்குப் புரியாதது அதைக் கட்டினவங்களுக்குப் புரிஞ்சிருக்கு.) முதல் தடவை ஷட்டரை மூடி ஓட்டினப்போ பிராசசர் 95 டிகிரி தொட்டுச்சு. 7600-க்கு அதுதான் எல்லை, அதுக்கப்புறம் அதுவே வேகத்தைக் குறைச்சுக்கும்.

தீர்வைக் கொடுத்தது புயல். வெள்ளத்துல பெட்டியோட அடிப்பலகை ஊறி உப்பிப் போயிருந்துச்சு, எப்படியும் மாத்தணும். ஆசாரி புதுப் பலகை போடும்போதே அதுல பெரிய ஓட்டைகள் போடச் சொன்னேன். கால் நாலுக்கும் அடியில ரப்பர். இப்போ காத்து கீழேயிருந்து வரும், ஷட்டர் மூடியிருந்தாலும். உள்ள தள்ளுற ஃபேன் மூணு, வெளியே தள்ளுறது ஒண்ணு. உள்ள வர்ற காத்து அதிகமா இருந்தா தூசி இடுக்கு வழியா நுழையாது, ஃபில்டர் வழியாத்தான் வரணும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் லாரி போற ரோட்டுல வீடு இருந்தா இது எவ்ளோ முக்கியம்னு நான் விளக்க வேண்டாம்.

மரப்பெட்டியில பலர் மறக்கிற விஷயம் எர்த். இரும்பு கேபினெட்ல அது தானா கிடைக்கும். நான் பழைய இரும்புக் கடையில 350 ரூபாய்க்கு ஒரு உடைஞ்ச கேபினெட் வாங்கி, கிரில் பட்டறையில 600 கொடுத்து, மதர்போர்டு மாட்டுற தகட்டையும் பின்பக்கத்தையும் மட்டும் வெட்டி எடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸை அந்தத் தகட்டுலயே முடுக்கினா மூணாவது பின் வழியா எர்த் கிடைச்சிடும். உங்க வீட்டு பிளக்ல எர்த் நிஜமாவே இருக்கான்னு எலக்ட்ரீசியனை வச்சு மீட்டர்ல பார்த்துக்குங்க.

அக்ரிலிக் ரெண்டாவது ஷீட்டும் வாங்கினேன், 1,200. வச்சுப் பார்த்தா காத்தை அடைக்குது. கழட்டிட்டு இரும்பு வலை போட்டேன். ஜூன் 2025 ரெண்டாவது ஞாயிறு, அறையில 36 டிகிரி, ஷட்டர் மூடி அரை மணி நேரம். 82-ல நின்னுச்சு.

இப்போ வரிக் கணக்கு

"கம்ப்யூட்டர்தானே சார், செலவுல காட்டிடலாம்ல?" வருஷத்துக்கு அம்பது பேர் கேட்கிறாங்க. நான் 44ஏடிஏ-வில கணக்குக் காட்டுறவன். 50 லட்சம் வரைக்கும் வரவு உள்ள, பட்டியல்ல இருக்கிற தொழில்காரங்க (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம் வரைக்கும்) வரவுல பாதியை லாபமா காட்டிட்டுப் போகலாம். மீதிப் பாதியில எல்லாச் செலவும் தேய்மானமும் அடங்கிடுச்சுன்னு சட்டம் எடுத்துக்கும். அதனால 82,000 போட்டாலும் 8 லட்சம் போட்டாலும் எனக்குத் தனியா ஒரு ரூபாய் வரி குறையாது. "டாக்ஸ் சேவ் ஆகும்"னு சொல்லி கம்ப்யூட்டர் வாங்குற ஃப்ரீலான்சர்ஸ் முதல்ல இதைப் பாருங்க.

முறையான கணக்குப் புத்தகம் வைக்கிறவங்களுக்குக் கதை வேற. கம்ப்யூட்டருக்கு 40 சதவீத தேய்மானம், தொழிலுக்குப் பயன்படுற பங்குக்கு மட்டும். அதுவும் பயன்பாட்டுக்கு வந்த வருஷத்துல இருந்துதான். அந்த வருஷத்துல 180 நாளைக்குக் குறைவா ஓடினா பாதி, 20 சதவீதம். அக்டோபர் முதல் வாரத்தைத் தாண்டி முடிச்சா பாதி போச்சுன்னு வச்சுக்குங்க. கடையில ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்து வாங்கினா, அந்தத் தொகை சொத்தோட விலையிலயே சேராது. ரிச்சி தெருவுல "கேஷ்னா ஐநூறு குறைச்சுக்கிறேன் சார்"னு சொல்லும்போது இதை நினைச்சுக்குங்க.

விரிசல் விட்ட அக்ரிலிக், எரிஞ்ச எஸ்எம்பிஎஸ் மாதிரி அசாதாரணமா வீணானதை சொத்து விலையில ஏத்தக் கூடாது, நஷ்டமா எழுதணும். கணக்கியல் தரம் 10 சொல்றது இது. நம்ம ஆளுங்க ஏத்திடறாங்க, ஏன்னா தப்பைச் சொத்தா எழுதினா மனசு லேசாகும்.

ஜிஎஸ்டியில நானே சறுக்கினேன். ஆன்லைன்ல பிராசசரும் ரேமும் வாங்கும்போது என் ஜிஎஸ்டி எண்ணைப் போட மறந்துட்டேன். 28,500 ரூபாய்ல உள்ளே இருந்த 18 சதவீத வரி கிட்டத்தட்ட 4,350. தொழில் பயன்பாடு பாதின்னு வச்சாலும் 2,000-க்கு மேல இன்புட் போச்சு. இன்னொண்ணு, இன்புட் எடுத்த வரிப் பணத்துக்கு மறுபடியும் தேய்மானம் எடுக்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்.

ஆக, கையை விட்டுப் போனது: பாகங்கள் 82,000, "பூஜ்ஜிய ரூபாய்" பெட்டி 26,200, நகைக்கடன் வட்டி 1,500. மொத்தம் 1,09,700. இந்த 26,200-ல 2,800 ரூபாய் ட்ரில் மெஷின், அது இன்னும் வீட்டுல உழைக்குது. நாளைக்கு விக்கப் போனா பெட்டிக்கு யாரும் பத்துப் பைசா தர மாட்டாங்க, பாகங்களைக் கழட்டித்தான் விலை பேசுவாங்க. என் உழைப்பு தொண்ணூறு மணி நேரம் இருக்கும், அதுக்கு நான் விலை போடல. பொழுதுபோக்குக்கு ஃபீஸ் கிடையாது. ஆனா 26,200-ஐ எக்ஸெல்ல "ஆபீஸ் செலவு" தலைப்புல இருந்து எடுத்து "பொழுதுபோக்கு" தலைப்புக்கு மாத்திட்டேன். அது அங்கதான் இருக்கணும்.

வளையல் மே மாசமே வீட்டுக்கு வந்துடுச்சு. எமர்ஜென்சி ஃபண்டுக்கு 40,000-ல இன்னும் 12,000 பாக்கி, மாசம் 3,000 போகுது.

ஜூலையில நம்ம கோட்டை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தப்போ ஒரு வீடியோ எடுத்தோம்ல, அதுதான் இந்த மெஷின்ல எடிட் பண்ணின முதல் வீடியோ. அப்பா பக்கத்துல வந்து நின்னார். ஷட்டரை ரெண்டு தடவை இழுத்து மூடித் திறந்தார்.

"மொத்தம் எவ்ளோடா ஆச்சு?"

"எண்பத்தி ரெண்டாயிரம்ப்பா."

"பெட்டிக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "இடது ஷட்டர் இன்னும் சிக்குது பாரு, அப்பவும் இப்படித்தான் சிக்கும்"னார். ஆசாரி அதுக்கு 800 கேட்கிறார். அக்டோபர் பட்ஜெட்ல போட்டிருக்கேன்.